கூப்பிடவா?
மகள் விட்டுப்போன தையல் மெஷினை விற்க, அமிர்தவல்லிக்காகப் போனில் ஒரு செயலிதான் பேரம் பேசியது. வாங்குகிறவர்களுக்கும் ஆளுக்கொரு செயலி. விலை படியாவிட்டால், சந்தையில் கூப்பிடுவார்களென்று இரண்டடி எடுத்து வைப்பதுபோல வாங்குகிறவரின் செயலி விலகி நகரும்; “போகிறார், கூப்பிடவா?” என்று அமிர்தவல்லியின் செயலி அவளைக் கேட்கும். பதினோரு முறையும் வேண்டாமென்றே அழுத்தினாள். “ஒரு தடவை கூப்பிட்டாத்தான் என்ன?” என்றார் கணவர். “போறவங்க போகட்டும்,” என்றாள் அலுப்புடன். மகள் சண்டை போட்டுக் கிளம்பிய அன்றும் இதையேதான் சொன்னாள். வாசலில் செருப்பு மாட்டவே மகளுக்கு வெகுநேரம் பிடித்தது. பன்னிரண்டாவது ஆள் நகர்ந்தபோது செயலி கேட்கவில்லை. “போகிறவர்களை நீங்கள் கூப்பிடுவதில்லை. கற்றுக்கொண்டேன்,” என்று மட்டும் எழுதியிருந்தது. அமிர்தவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கூப்பிடுகிற பொத்தானைத் திரையெங்கும் தேடினாள்.