நாலு தடவை திரும்பிய நாவல்

நாவல் நாலாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் அவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்கால மணி அடிக்கும்வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்து மூன்று வருஷமாக எழுதிய நாவல். கவரைப் பிரித்து, பதிப்பகத்து எடிட்டரம்மாவின் கடிதத்தில் முதல் வரியைப் படித்தார். ‘கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுதுங்கள்.’ அதற்கு மேல் படிக்கவில்லை.

“அந்த எடிட்டரம்மாவுக்கு உங்க மேல ஏதாவது முன்பகை இருக்கா?” என்றாள் மனைவி.

“முகத்தையே பார்த்ததில்லை. இன்னிக்குப் பார்த்து நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்.”

பதிப்பகம் மருந்துக்கடை மாடியில் இரண்டே அறை. மழைக்காலம் என்பதால் புத்தகக் கட்டுகளெல்லாம் தரையிலிருந்து மேஜைக்கு ஏறியிருந்தன. பதிப்பாளர் ஈரம் பாய்ந்த அட்டைகளைப் பரப்பி ஃபேனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

“எடிட்டரம்மா இருக்காங்களா?”

“இல்லையே. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அங்க ஒழுகும். நீங்க...?”

“வேன் டிரைவர். நாவல் அனுப்பியிருந்தேன்.”

“அட, நீங்கதானா?” பதிப்பாளர் சிரித்தார்.

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“பத்தாவது அத்தியாயம் இழுக்குதுன்னாங்க, சுருக்கினேன். கதாநாயகி எதுக்கெடுத்தாலும் அழறான்னாங்க, நிறுத்தினேன். ஓரம் முழுக்கப் பென்சில். ஒரு கமாவைக்கூட விட்டுவைக்கலை. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போகலாமே சார். குட்டக் குட்டக் குனிஞ்சுக்கிட்டே இருக்கணுமா?”

“கடிதத்தை முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சு என்ன ஆகப்போகுது?”

பதிப்பாளர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மழைக்காலச் செய்திமடலின் புரூஃப். இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வரப்போகும் புத்தகங்களின் பட்டியலில் மூன்றாவதாக அவருடைய நாவல். பக்கத்திலேயே அவர் பெயர்.

இரண்டு தடவை படித்தார். எழுத்துப்பிழை தேடுகிறவர் போல மூன்றாவது தடவையும் படித்தார்.

“கடைசி அத்தியாயம் மட்டும் சரியாயிட்டா கோடைக்குக் கொண்டு வந்துடலாம்னு கடிதத்துல கீழே எழுதியிருப்பாங்க, பாருங்க.”

டிரைவர் கவரிலிருந்து கடிதத்தை எடுத்துப் பார்த்தார். எழுதியிருந்தது.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

“ஒரு மாசத்துல முடிச்சுக் கொடுத்துடறேன் சார். சண்டை போடத்தான் வந்தேன். இப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டுப் போகலாம்போல இருக்கு. எப்ப வந்தா பார்க்கலாம்?”

“ஞாயித்துக்கிழமை வாங்க.”

“லீவு நாள்லகூடவா அவங்களை வேலை வாங்கறீங்க?”

பதிப்பாளர் ஒரு அட்டையை மெல்லத் திருப்பிப் போட்டார்.

“நான் எங்க வாங்கறேன்? அவங்க வேற வேலைக்குப் போய் ஒரு வருஷமாச்சு. உங்க நாவல் தேறாதுன்னு நான் முதல்லயே சொல்லிட்டேன். அவங்கதான் கேக்காம, ஞாயித்துக்கிழமையானா வந்து இதை மட்டும் பார்த்துட்டுப் போறாங்க.”