தொடாதீங்க!

"போட்டோ மட்டும் எடுத்துக்கிடுங்க. யாரும் தொட்டுறாதிய, கையக் கிழிச்சிரும்!" நாலாவது தடவையாகச் சொன்னார் உதுமான்.

அடுத்த மாதம் விற்பனைக்கு வரப்போகும் மடக்குக் கத்தியை முன்கூட்டியே பார்த்துப் படமெடுக்க, கத்திப் பிரியர்கள் ஆறு பேர் அவருடைய தாராவிப் பட்டறைக்கு வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் ஆர்டர் நிச்சயம்.

"என்னா பளபளப்பு! எந்த ஸ்டீல் பாய்?" என்றார் ஒருவர்.

உதுமான் காதில் விழாததுபோல், "டீ சொல்லட்டுமா?" என்றார். அதற்குள் வந்தவர்களில் ஒருவரான மாட்டுங்கா சேஷாத்ரி, கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் அலகை வருடியேவிட்டார்!

உதுமான் தடுக்கப் பாய்ந்தார்.

சேஷாத்ரி சட்டென்று கத்தியை வைத்துவிட்டு விரலை மூடிக்கொண்டார். "அப்பா, சரியான ஷார்ப்பு! பாய் சொல்றதைக் கேளுங்கோ, யாரும் தொடாதீங்கோ."

பிறகு உதுமானை ஓரமாக அழைத்துப்போய் விரலைக் காட்டினார். ரத்தம் இல்லை, வெள்ளிநிறப் பெயின்ட்.

"மரக்கத்தின்னாலும் பரவாயில்லை. பெயின்ட்டைக் காயவிட்டுக் கூப்பிட்டிருக்கப்படாதோ, பாய்?"