பந்தத்துக்கு எரிந்த பச்சை

குடும்ப அட்டையைப் புதுப்பித்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: ஆவுடையப்பனாகிய நான், மகன் சிதம்பரநாதன், மருமகள் கோமதி, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த ரெஜினா. வேறு யாரும் இல்லை.

முதியவரின் பெயர் அட்டையில் நீடிக்க வேண்டுமானால், வீட்டில் ஒருவராவது அவரோடு தமக்குள்ள ஒட்டுதலை ஒரு சொல்லால் சொல்ல வேண்டும். சொன்னது மெய்யானால், சொல்பவர் கட்டியிருக்கும் அரசு மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரியும்; பொய்யானால் சிவப்பு. எவருக்கும் எரியாவிட்டால் மறுநாளே அரசு விடுதி. பொருள் சொல்லப் பழைய அகராதி ஒன்றைத்தான் சட்டம் ஏற்கிறது.

சிதம்பரநாதன் நெஞ்சை நிமிர்த்தி, "அன்பு" என்றான்.

"அன்பு: காணாதபோது வருந்துதல்," என்று ரெஜினா வாசித்தாள். சிவப்பு எரிந்தது.

"அப்போ பற்றுன்னு போடுங்க மேடம்."

"பற்று: பிரிய மனமின்மை." மறுபடியும் சிவப்பு. அவன் பட்டையைத் தட்டிப் பார்த்தான். பொறியியல் படித்தவன்.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதையெல்லாம் வாயால் சொல்லும் வழக்கமில்லை என்று விளக்கினேன். ரெஜினா குறித்துக்கொள்ளவில்லை.

அடுக்களையிலிருந்து கோமதி ஈரக்கையோடு வந்து பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். இருபது ஆண்டுகளில் அவள் குழம்பை நான் குறை சொல்லாத நாள் கிடையாது.

"மிச்சத்தையும் வாசிங்கம்மா."

"பந்தம்: விடுபட முயன்றும் விடாத கட்டு."

"ஆங், அதான். பந்தம்."

பளிச்சென்று பச்சை எரிந்தது.

"பாத்தியளா மாமா, மிசினுக்கே தெரிஞ்சிருக்கு," என்றபடி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் மருமகளைக் கையெடுத்துக் கும்பிட்டதாக எதிர்வீட்டில் பேச்சு. கும்பிடவில்லை. அன்று குழம்பில் உப்பு கூடுதல்; அதை நான் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான்.