இடையில் நின்றவள்

"அடுத்த மாசம் வீடு காலியாகணும்னு சொல்லு. இதுல பேச்சே கிடையாது" என்று கத்தினார் வீட்டுக்காரர், அப்பாவின் முகத்துக்கு நேரே.

காது கேளாதவரிடம் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். பத்து வயது மகளுக்கு அது பழகிப்போன ஒன்று. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே அவள் நின்றிருந்தாள்.

உதடுகளைப் பார்த்து அப்பா ஓரளவு புரிந்துகொள்வார். வீட்டுக்காரரின் மீசை அதற்கு இடம் தரவில்லை. எழுதிக் காட்டவும் வழியில்லை. அப்பா பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர். அம்மா வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும், அவரும் கைகளால் பேசுகிறவர்தாம்.

அந்த வீட்டில் காது கேட்பவள் அவள் ஒருத்தி. பேசத் தெரிந்த நாளிலிருந்தே வீட்டின் வாயும் அவள்தான். மருந்துக்கடையிலும் வங்கியிலும் மின்சார அலுவலகத்திலும் அவளே பேசினாள்.

'இந்த ஊமைக்கு' என்று புறப்பட்ட பேச்சு, அவள் கைகளைக் கடந்து அப்பாவை அடையும்போது 'ஐயாவுக்கு' என்று ஆகியிருக்கும். அப்பாவின் கோபம் கடைக்காரர்களிடம் நன்றியாகப் போய்ச் சேரும்.

யாரோடும் சண்டை இல்லாத குடும்பம் என்று தெருவில் நல்ல பெயர்.

சன்னலுக்கு எதிரே அவளுடைய பள்ளி. வீடு மாறினால் பள்ளியும் மாறும். அடுத்த வாரம் மாணவர் தலைவர் தேர்தல், அவள் போட்டியிடுகிறாள். ஊரில் இருந்தால் தோற்பதற்குக் காரணமே இல்லை.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பிக் கைகளைச் சுருக்கமாக அசைத்தாள்.

அப்பாவின் புருவங்கள் உயர்ந்தன. வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அவருடைய கைகள் நெடுநேரம் பேசின. கடைசல் பட்டறையில் இரும்பைச் சீராக்கும் கைகள். ஓர் அசைவிலும் அவசரமில்லை.

"கையாலேயே பிரசங்கம் பண்றாரே! என்னதான் சொல்றாரு உங்கப்பா?"

குரலை உயர்த்தினால் எதிரில் இருப்பவர் பின்னால் சாய்வார், தாழ்த்தினால் முன்னால் சாய்வார்: இது பேச்சுப் போட்டிக்குப் பயிற்றுவித்த ஆசிரியை சொல்லிக்கொடுத்தது.

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களை மனுஷங்களா மதிச்சவர் இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாங்க, மாமா. நீங்க போகச் சொன்னா போய்டுவாங்களாம். எங்க போறதுன்னுதான் தெரியலையாம்."

வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"நான் என்ன கல்நெஞ்சக்காரனா? என் பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்மா. அவனை எங்க குடிவெப்பேன், சொல்லு!" கண்கள் சுருங்கி, வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தால் முகம் அப்படித்தான் ஆகும்.

அந்த முகம் கலைவதற்குள் அவள் அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள். முகத்தை அப்பாவே பார்த்தார். அதற்குரிய சொற்களை அவள் கொடுத்தாள்.

அப்பா மறுப்பதுபோல் ஒருமுறை கையை உயர்த்தினார். வீட்டுக்காரரின் முகத்தை மறுபடியும் பார்த்தார். கையை இறக்கினார். மெல்லத் தலையசைத்தார்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டா போதுமாம், மாமா. உங்களை வாழ்நாள் பூரா மறக்க மாட்டாங்களாம்."

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"சரி, தொலையுது. ஒரு வருஷம். பையன் பின்கட்டுல இருந்துக்கட்டும். ஆனா அடுத்த தடவை இவளை நடுவுல நிக்க வைக்காதீங்கப்பா. என் சொத்தையே எழுதி வாங்கிடுவா!"

அவர் எழுந்து அப்பாவின் கைகளைத் தம் இரு கைகளுக்குள்ளும் பற்றிக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒன்றையொன்று முகம்கொடுத்துப் பாராத மூன்று கட்சிகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து அவள் ஆட்சி அமைத்தாள். அப்போது வீட்டுக்காரர் இந்த மாலைப்பொழுதை மேடைமேடையாகச் சொன்னார். குடும்பம் தெருவுக்கு வராமல் காத்த பத்து வயதுக் குழந்தை என்று கட்சியின் சுவரொட்டிகளில் வந்தது. அடுத்த ஆண்டே பள்ளிப் பாடநூலிலும் ஒரு பத்தியாக ஏறியது.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தம் காதில் விழுந்ததை மட்டுமே சொன்னார்.

அவர் படியிறங்கிய பின் நடந்தது அந்தப் பத்தியில் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்த மகளிடம், அவர் உண்மையிலேயே அவ்வளவு கெஞ்சினாரா என்று அப்பா கைகளால் கேட்டார்.

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

பெரிய மனிதர், வேறு யாரையும் குடிவைக்க மனம் வரவில்லை என்று கண்கலங்கிக் கேட்கிறார். அவரை விட்டுவிட்டுப் போவது முறையன்று என்றார் அப்பா. வெளியூர்ப் பட்டறையில் கிடைத்திருந்த மேற்பார்வையாளர் வேலையை வேண்டாமென்று நாளைக்கே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அன்று வீட்டுக்காரரிடம் அவர் முதலில் சொல்லச் சொன்னது, அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிடுகிறோம் என்பதுதான்.