ஐந்தாவது வார்

பெர்னி ஊரில் குழந்தைகளின் பெயர் தைத்த பால்புட்டி வார் செய்து விற்பவள் டெல்மா. குழந்தை புட்டியை வீசினால், கீழே விழாமல் தள்ளுவண்டியிலேயே தொங்கவைக்கிற துணிவார் அது. அவளுடைய எம்ப்ராய்டரி மெஷினில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு வார்தான் பிடிக்கும். வெள்ளிக்கிழமை ஒரே ஃப்ரேமில் ஐந்து வந்தன. ஐந்தாவதில் ‘ஆல்பி’ என்று பெயர் தைத்திருந்தது. அந்தப் பெயரை அவள் மெஷினில் போடவே இல்லை.

சனிக்கிழமைச் சந்தையில் தன் கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டாள். யார் வீட்டிலும் ஆல்பி இல்லை.

பக்கத்துக் கடையில் ஜாம் விற்கும் டிரெவ் சிரித்தான். “ஏம்மா, வாரம் பூரா உன்கூடப் பேசுற ஒரே ஆளு நான்தான். என் பேரைத் தைக்கக் கூடாதா?”

“நீ உன் புட்டியக் கீழ போட்டு நான் பாத்ததே இல்லியே.”

அவன் சொன்னது உண்மைதான். வீட்டில் அவள் ரேடியோவுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரைக் காட்சிக்கு நிறுத்தியிருந்த காலித் தள்ளுவண்டியில் மாட்டி, அதில் ஒரு புட்டியைக் கட்டி உள்ளே வைத்தாள். புட்டி வெளியே வந்து தொங்கியது. எடுத்து வைத்தாள். மறுபடி வந்தது.

“காத்தும்மா” என்றான் டிரெவ். எதிர்க்கடைப் பலூன்கள் அசையாமல் நின்றன.

“அந்தக் காத்துக்கு எட்டு மாசம் இருக்கும்” என்றாள் டெல்மா.

மத்தியானம் டிரெவ் காப்பி வாங்கப் போனான். வார் இருக்கிறவரை யாரும் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. டெல்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாரின் டிச் பட்டனைக் கழற்றிப் புட்டியை வண்டிக்குள் வைத்தாள்.

புட்டி வெளியே விழுந்து ஜாம் கடை வரைக்கும் உருண்டு போனது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “இரு, வரேன்” என்று எடுக்கப் போனாள்.