காலால் அடைத்த கடன்

"சமீர் பாய், எங்க அறுபதாயிரம் பேங்க் ஓவர்டிராஃப்ட் கடனை என் பொண்டாட்டி காலாலேயே எட்டி உதைச்சுட்டா!"

ஃபயாஸ் சொன்னதில் சமீருல்லாவுக்கு டீ புரையேறியது. மகள் கல்யாணத்தில் அந்தத் தம்பதி விழுந்த கடன் அது. இந்த மாதம் அடையாவிட்டால் ஃபயாஸ் தன் ஸ்கூட்டரைச் சமீருல்லாவுக்கு விற்றுக் கட்டுவதாகப் பேச்சு. அதை வாங்கத்தான் சமீருல்லா பணத்தோடு ஃபயாஸ் வீட்டுக்கு வந்திருந்தார்.

"பீலா வுடாதே, சாவியைக் கொடு." சமீருல்லா பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மாசம் ஆறாயிரம், பத்து மாசம். பாஸ்புக்கைப் பாரு!"

"கொலுசை வித்தாங்களா?"

"கால்தான் பாய்! அச்சுல வார்த்த முப்பத்தேழு சைஸ். லேடீஸ் ஷூ சாம்பிளெல்லாம் அந்தக் காலுக்குச் சரியா உக்காந்தாத்தான் ஆம்பூர்லேர்ந்து கப்பல் ஏறும். போட்டுப் பார்க்கத்தான் சம்பளம். அதுவும் நீ வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில!"

"சுத்தப் பொய். அந்தச் சம்பள வவுச்சர்ல கையெழுத்துப் போடுறதே நான்தான். ஆளைப் பார்த்ததில்ல, பேரு தெரியும். சாம்பிள் ரூமுக்கு வர்றது கௌசர்னு ஒரு அம்மா."

டீ கிளாஸ் எடுக்க வந்தவள் சிரித்துவிட்டாள். "இருபது வருஷமா அண்ணி முறைக்கு 'பாபி, பாபி'ன்னே கூப்பிடறீங்க பாய். என் பேரு இன்னான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

சமீருல்லா பணத்தை மறுபடி பைக்குள் வைத்தார்.

"காலாலதான் அடைஞ்சிருக்கு, கௌசர் பாபி. பத்து மாசமும் வவுச்சர்ல கையெழுத்துப் போட்டவன் நானே சொல்றேன்."