ஹீரோவுக்குப் பயம்

"நீங்களே குதிச்சிடலாமே சார். டூப்புக்குக் குடுக்கிற காசு மிச்சம்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெயராஜ்.

கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஒரு ஸ்டீல் கம்பெனியில் ஷூட்டிங். மூன்று மாடி உயரக் கிரேனிலிருந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஹீரோ குதிக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கூடையோடு ஓரமாக நின்ற செண்பகத்துக்கு உயிரே வந்தது. டூப் லோகு அவள் புருஷன். போன படத்தில் கயிறு அறுந்து, இடுப்பெலும்பு உடைந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவன். தேறிய பிறகு இதுதான் முதல் வேலை.

ஹீரோ சரியென்று சொல்லிவிட்டால் போதும்.

அவர் மேலே பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு பயமா இருக்குங்க. லோகுவே பண்ணட்டும்."

யூனிட்டில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செண்பகத்தால் பொறுக்க முடியவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"கோடி கோடியா டப்பு வாங்கறது நீங்க, சாவறதுக்கு என் ஊட்டுக்காரரா? இது இன்னா சார் நியாயம்?"

"நியாயம் இல்லதாம்மா" என்றார் ஹீரோ, தலையைக் குனிந்துகொண்டு.

சொன்னதோடு சரி. இடத்தைவிட்டு அசையவில்லை.

லோகு ஏற ஏற, செண்பகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆக்‌ஷன்" என்றதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கயிறு கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

கைதட்டல் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

லோகுவுக்குச் சோறு போடும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

"பயந்தாங்கொள்ளி. அந்தாளு படத்த டிவில போட்டாக்கூட இனிமே பாக்க மாட்டேன்."

"மெதுவா பேசு. மேனேஜர் காதுல உழப்போவுது."

"உழட்டுமே. எனுக்கு இன்னா பயம்?"

லோகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"காலைல, மேனேஜர் வர்றதுக்கு முன்னாடி, இதே கயித்த கட்டிகினு அவருதான் மொதல்ல குதிச்சாரு. கயிறு தாங்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குக் கட்டச் சொன்னாரு."

செண்பகம் கரண்டியைக் கூடையில் வைத்தாள். "அப்போ ஷாட்டுலயும் அவரே குதிக்கிறதுக்கு இன்னாவாம்?"

"அவரு குதிச்சா எனக்கு இன்னிக்கு சம்பளம் கெடையாது. 'பயமா இருக்குன்னு சொல்லிடறேன், சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க லோகு'ன்னாரு."